பெருவிரல் மேடு கரையும்வரை காத்திருக்காதீர்கள்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் 36 வயதுப் பெண் வந்திருந்தார். வலது கையை மேசைமேல் நீட்டச் சொன்னேன். பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கை புடைத்திருக்க வேண்டிய இடம் வற்றிய குட்டைபோல உள்வாங்கிக் கிடந்தது. இடது கையையும் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அப்போதுதான் அவரே வித்தியாசத்தைக் கவனித்தார்.

"ஏங்க டாக்டர், இந்தக் கை இப்படி ஆனதை நான் பாக்கவே இல்லீங்களே!"

ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியவில்லை. மகளுக்குப் பின்னல் போட்டுவிட முடியவில்லை. ஸ்கூட்டர் சாவி கையிலிருந்து நழுவுகிறது. மரத்துப்போக ஆரம்பித்து எத்தனை நாளாச்சு என்று கேட்டேன். "ரெண்டு வருசம் இருக்குமுங்க. ராத்திரியில மரத்துக்கும். எந்திரிச்சு உதறுனா சரியாப் போயிரும். அதனால விட்டுட்டனுங்க."

உதறினால் சரியாகிப்போன அந்த இரண்டு வருடத்தில் எந்த வாரம் வந்திருந்தாலும், இரவில் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை, சில மாத்திரைகள், மிஞ்சிப்போனால் ஒரு ஊசியோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இப்போது அறுவை சிகிச்சைதான். அதைச் செய்தால் மரப்பு குறையும். ஆனால் கரைந்த சதை முழுதாகத் திரும்பும் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. இந்த வருடம் இதே நிலையில் வந்தவர்களில் அவர் முதல் ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முன்பு கத்தரிக்கோல், இப்போது கைபேசி

20 வருடமாக இந்த ஊரில் கை வலியும் கழுத்து வலியும் பார்க்கிறேன். முன்பெல்லாம் கட்டிங் மாஸ்டர்கள் வருவார்கள், நாளெல்லாம் நூல் பிசிறு வெட்டும் பெண்கள் வருவார்கள், செக்கிங் மேசையில் நின்று கழுத்து பிடித்துக்கொண்டவர்கள் வருவார்கள். இன்றும் வருகிறார்கள். ஆனால் இப்போது வரிசையில் பாதி இடம் ஏசி அறையில் வேலை பார்ப்பவர்களுக்குப் போய்விட்டது. மெர்ச்சண்டைசர்கள், ஷிப்பிங் டாக்குமென்ட் பார்ப்பவர்கள், அக்கவுன்ட்ஸ்காரர்கள்.

காரணத்தை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். நியூயார்க்கில் காலை 9 மணிக்கு பையர் அலுவலகத்தைத் திறக்கும்போது நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. இவர்கள் வேலை முடித்துக் கிளம்பும் நேரத்தில்தான் அங்கே மெயில் ஆரம்பிக்கிறது. சாம்பிள் கலர் சரியில்லை, லேபிளை மாற்று, ஷிப்மென்ட் தேதியைச் சொல். கம்ப்யூட்டர் அலுவலகத்தில் இருக்கிறது, கைபேசி கையில் இருக்கிறது. பஸ்ஸில் ஒரு பதில், சோறு போட்டு வைத்துவிட்டு ஒரு பதில், படுக்கையில் குழந்தையை ஒரு கையால் தட்டிக்கொண்டே மறுகையின் பெருவிரலால் இன்னொரு பதில். அகலத் திரையில் பார்க்க வேண்டிய அளவு அட்டவணையை உள்ளங்கைத் திரையில் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள்.

நான் பார்த்த அந்தப் பெண்ணிடம் மெயில் செயலியைத் திறந்து காட்டச் சொன்னேன். படிக்காத மெயில் ஒன்றுகூட இல்லை. தூங்கும்முன் எல்லாவற்றையும் தள்ளி, ஒதுக்கி, பூஜ்யமாக்கிவிட்டுத்தான் படுப்பாராம். மணிக்கட்டை உள்பக்கம் மடித்து, பெருவிரலை நீட்டி நீட்டித் தள்ளும் அதே அசைவை அங்கேயே செய்து காட்டினார். ஒரு தள்ளலால் எதுவும் ஆகிவிடாது. மடித்த மணிக்கட்டோடு, நடுவில் ஓய்வே இல்லாமல், நாள் தவறாமல் அதைச் செய்யும்போதுதான் கேடு சேர்கிறது.

பெருவிரல் பக்கம் மணிக்கட்டில் வரும் இன்னொரு வலியை 1895-லேயே ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவர்வெய்ன் விவரித்துவிட்டார். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இளம் தாய்மார்களுக்கு வரும் வலி என்றே அதை நாங்கள் படித்தோம். 2000-க்குப் பிறகு கைக்குள் மெயில் வந்ததும் அந்தப் பகுதி வலிக்கு 'பிளாக்பெர்ரி பெருவிரல்' என்றே பெயர் வந்துவிட்டது. அந்தக் கைபேசி கடையிலிருந்து மறைந்துவிட்டது. வலி இருக்கிறது.

எல்லாப் பழியும் கைபேசிக்கு இல்லை

கை மரத்தால் "போனாலதான் டாக்டர்" என்று நோயாளியே தீர்ப்பு எழுதிக்கொண்டு வருகிறார். அதுவும் ஆபத்துதான். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம், மூட்டுவாதம் எல்லாமே மணிக்கட்டு நரம்பை நெருக்கும். அந்தப் பெண்ணுக்குத் தைராய்டு குறைவு இருந்தது, யாரும் பார்த்திருக்கவில்லை. ஏற்கெனவே இறுகிப்போன மணிக்கட்டை அவர் இரவும் பகலும் மடித்து வைத்திருக்கிறார். போனைக் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று இன்னும் ஆறு மாதம் வீட்டில் இருந்திருந்தால் அந்தத் தைராய்டும் கண்ணில் படாமலே போயிருக்கும்.

"மெடிக்கல்ல ஒரு செட்டு போட்டேனுங்க"

என் பொறுமை போகும் இடம் இதுதான். மருந்துக் கடையில் போய் "கை வலி" என்கிறார்கள். நாலு மாத்திரையை ஒரு காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். கவரில் மருந்தின் பெயரே இருக்காது. ஒன்று வலி மாத்திரை, ஒன்று அல்சர் வராமல் இருக்க, ஒன்று சத்து மாத்திரை, நாலாவதாக ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அந்தச் சின்ன மாத்திரை பல நேரம் ஸ்டீராய்டு. மறுநாளே வலி பறந்துவிடும். அதனால்தான் அந்தக் கடைக்காரருக்குக் கைராசி என்று பெயர்.

மாதக்கணக்கில் அந்த செட்டைச் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். சிலருக்கு இடுப்பு மூட்டுப் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அந்த எலும்பே சரிந்துவிடும். மெயில் தட்டி வந்த கை வலிக்கு, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வரை போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெறும் வலி மாத்திரையைத் தினமும் விழுங்குவதும் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் கேடுதான். இன்னொன்றையும் யோசியுங்கள்: வலி மறைந்திருக்கும் நாளெல்லாம் நரம்பு நசுங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த செட்டைப் பயமில்லாமல் விழுங்குகிறவர்கள், நான் ஒரே ஒரு ஊசி என்றதும் "ஊசி போட்டா கை வராமப் போயிருமாமே" என்று எழுந்துவிடுகிறார்கள். சரியான இடத்தில் அளவாகப் போடும் அந்த ஊசியால் பெருவிரல் பக்க வலி பலருக்கு முழுதாகவே அடங்கிவிடும். ஊரே விழுங்கும் மாத்திரைக்குப் பயப்படுங்கள், இதற்குப் பயப்படாதீர்கள்.

சொடக்கு, எருக்கு, பட்டை

முடி வெட்டும் கடையில் கழுத்தைப் பிடித்து இருபக்கமும் 'சடக்'கென்று திருப்புகிறார்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். திடீர்த் திருப்பலில் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததை மருத்துவ இதழ்கள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. சொடக்குச் சத்தம் வந்தால் வலி போய்விட்டது என்று அர்த்தமே கிடையாது. சுளுக்கு எடுப்பதும் அப்படித்தான். வீங்கிய தசைநாரை எண்ணெய் விட்டு அழுத்தி உருவினால் வீக்கம் கூடும்.

பூண்டை நசுக்கிக் கட்டி, தோல் வெந்து கொப்புளத்தோடு வருகிறார்கள். எருக்கு இலையைச் சூடுபண்ணிக் கட்டிவிட்டு, பால் பட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டவரைக் கண் மருத்துவரிடம் ஓட ஓட அனுப்பியிருக்கிறேன். எருக்கம்பால் கருவிழியைப் பாதிக்கும். வீட்டு வைத்தியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிதமான சூட்டில் உப்பு ஒத்தடம் கொடுங்கள், இதமாக இருக்கும். ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் வந்துவிடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

கழுத்துப் பட்டையைச் சொந்தமாக வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். வேலை இல்லாத தசை மெலியும். பட்டையைக் கழற்றியதும் முன்னைவிட வலிக்கும். உடனே திரும்பவும் மாட்டிக்கொள்கிறார்கள்.

கைபேசியின் முதுகில் கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் ஒட்டியும் பலர் வருகிறார்கள். விரல் மரப்பது கதிர்வீச்சால் இல்லை. கையை வைத்திருக்கும் விதத்தால். அந்தக் காசில் கைபேசியை நிறுத்திவைக்க ஒரு ஸ்டாண்டு வாங்கியிருக்கலாம்.

'தேய்மானம்' என்ற சொல்

கழுத்து ஸ்கேன் காகிதத்தை நீட்டி, "எலும்பு தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க, இனி அவ்வளவுதானுங்களா?" என்று 30 வயதுப் பிள்ளைகள் கண்கலங்குகிறார்கள். இவர்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்து, அந்த முடிவை 2015-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு கழுத்து எலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கியிருந்தது. நலமாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். எனவே காகிதத்தைப் பார்த்து இடிந்துபோகாதீர்கள். குனிந்தே இருக்கும் கழுத்துக்கு ஓய்வும் பயிற்சியும் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு வலி குறையும்.

ஆனால் நடை தள்ளாடுகிறது, செருப்பு காலிலிருந்து கழன்றுபோவது தெரியவில்லை, சிறுநீரை அடக்க முடியவில்லை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அது தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம்.

எப்போது வர வேண்டும்

பெருவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களை மூடுங்கள். முஷ்டியை மெல்லச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். மணிக்கட்டின் பெருவிரல் பக்கம் சுரீரென்று வலித்தால் டி குவர்வெய்ன் சொன்ன வலியாக இருக்கலாம். நடு இரவில் முதல் மூன்று விரல்கள் மரத்து எழுப்பினால் மணிக்கட்டு நரம்பு. படுத்துக்கொண்டு முழங்கையை மடக்கிக் கைபேசி பார்க்கும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் முழங்கை நரம்பு. இவற்றில் எது ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலும் வந்துவிடுங்கள்.

வந்தால் சர்க்கரையும் தைராய்டும் பார்ப்போம், தேவைப்பட்டால் நரம்பு ஓட்டப் பரிசோதனையும் செய்வோம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

நீளமான பதிலைப் பெருவிரலால் தட்டாதீர்கள். 2017 முதல் கூகுளில் தமிழிலேயே பேசினால் எழுத்தாகிறது, ஆங்கிலத்துக்கும் இருக்கிறது. கைபேசியை மேசைமேல் சாய்த்து வைத்து ஆள்காட்டி விரலால் தட்டுங்கள். கைபேசியைக் கண் உயரத்துக்குத் தூக்குங்கள்; கழுத்தை அதன் உயரத்துக்குத் தாழ்த்தாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை கீழே வைத்துவிட்டு விரல்களை விரித்து நீட்டுங்கள். படுக்கையில் மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே மணிக்கட்டு, முழங்கை, கழுத்து மூன்றும் ஒரே நேரத்தில் மடங்கியிருக்கின்றன. தூக்கமும் கெடுகிறது, தூக்கம் கெட்டவருக்கு அதே வலி இரண்டு மடங்காகத் தெரியும்.

முதலாளிகளிடமும் மேனேஜர்களிடமும் தனியாக ஒன்று கேட்க வேண்டும். இரவு 11 மணிக்கு உங்களுக்கு ஏதோ ஞாபகம் வருகிறது, மெயில் அனுப்புகிறீர்கள். காலையில் பார்த்தால் போதும் என்றுதான் நினைக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாதே. சத்தம் கேட்டதும் எழுந்து பதில் தட்டுகிறார். 2019-இலிருந்து ஜிமெயிலில் 'ஷெட்யூல் சென்ட்' இருக்கிறது. இரவிலேயே எழுதி, காலை 9 மணிக்குப் போகும்படி வைத்துவிடலாம். பிரான்சில் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017 முதல் சட்டம். ஆஸ்திரேலியாவில் 2024 முதல். நம் நாட்டில் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே 2018-இல் இதற்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த ஒரு பொத்தானை அழுத்துங்கள். அவசரம் என்றால் போன் போட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். பையருக்கு இரவிலேயே பதில் போயாக வேண்டும் என்றால் ஆட்களை முறை வைத்து மாற்றிவிடுங்கள். ஒரே பெண்ணின் ஒரே கை இரண்டு ஷிப்டு பார்க்கக் கூடாது.

கடைசியாக ஒன்றே ஒன்று. இந்தப் பக்கத்தைப் புரட்டும் முன் உங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். உங்கள் மனைவியுடையதை, மகனுடையதைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் பெருவிரல் மேடு கொஞ்சம் தாழ்ந்திருந்தாலும் நாளைக் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். தாழவில்லை, ஆனால் இரவில் உதறிக்கொண்டு எழுகிறீர்கள் என்றால் இந்த வாரத்துக்குள் வந்துவிடுங்கள்.