செல்பேசி ஓய்ந்தாலும் ஒலிக்குமா அபாய மணி?

நமது நாடாளுமன்ற நிருபர்

புதுதில்லி: 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது முதலில் மின்சாரம் நின்றது, அடுத்து செல்பேசி கோபுரங்கள் பல செயலிழந்தன. உதவி கேட்டவர்களும் உதவச் சென்றவர்களும் தொடர்பின்றித் தவித்தனர். அத்தகைய வேளையில் தீயணைப்பு, மீட்புப் படையினருக்கு டிஜிட்டல் தொலைக்காட்சி அலைகள் மூலம் அவசரத் தகவலைச் சேர்ப்பிக்க வழி உண்டு. அதற்கான தொழில்நுட்பம் பெங்களூருவிலேயே உருவாகியுள்ளது.

பெங்களூருவின் சாங்க்யா லேப்ஸ் நிறுவனம், புதிய தலைமுறை டிஜிட்டல் ஒளிபரப்பை ஏற்கும் சில்லுகளை 2018 டிசம்பரில் வெளியிட்டது. ஒளிபரப்பை இணையமின்றி நேரடியாகச் செல்பேசியில் பெறும் முறை, 2023-இல் பெங்களூரு, தில்லி கர்தவ்ய பாதை, நொய்டா ஆகிய இடங்களில் சோதிக்கப்பட்டது.

செல்பேசி கோபுரம் ஒவ்வொரு இணைப்புக்கும் தன் திறனைப் பங்கிட வேண்டும். கூட்டம் பெருகினால் திணறும். தொலைக்காட்சி கோபுரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. பத்துப் பேர் பெற்றாலும் பத்து லட்சம் பேர் பெற்றாலும் அனுப்புவது ஒரே அலைதான். குறிப்பிட்ட படையினரின் கருவிகள் மட்டுமே படிக்கும்படி சங்கேதமாக்கி, வரைபடம், காணொளி ஆகியவற்றையும் அனுப்பலாம். அமெரிக்காவின் ஹூஸ்டன், சிகாகோ நகரங்களில் பொதுத் தொலைக்காட்சி நிலையங்கள் வழியாக 2015-இல் இத்தகைய சோதனைகள் நடைபெற்றன.

குறையும் உண்டு. இது ஒருவழிப் பாதை. தகவல் கிடைத்ததா, படை புறப்பட்டதா என்பதை அறிய வயர்லெஸ் போன்ற வேறு வழி வேண்டும்.

இங்கு விவாதம் பெரும்பாலும் பொழுதுபோக்கைச் சுற்றியே எழுந்தது. காணொளிப் போக்குவரத்தில் 25 முதல் 30 சதவீதத்தை ஒளிபரப்புக்கு மாற்றினால் 5ஜி நெரிசல் குறையும் என்று 2024 ஜனவரியில் அன்றைய தகவல், ஒலிபரப்புத் துறைச் செயலர் அபூர்வ சந்திரா கூறினார். இதற்கென 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையை ஒதுக்கவும் அவர் வலியுறுத்தினார். ஆனால், ஒரு செல்பேசிக்குச் சுமார் 30 டாலர் கூடுதல் செலவாகும் என்று முன்னணி உற்பத்தி நிறுவனங்கள் 2023-லேயே எதிர்ப்புத் தெரிவித்திருந்தன.

மீட்புப் படைக்கு இந்தச் சர்ச்சை தடையாக வேண்டியதில்லை. நாட்டிலுள்ள எல்லாச் செல்பேசிகளிலும் சில்லு பொருத்தத் தேவையில்லை. தீயணைப்பு நிலையங்களிலும் மீட்பு வாகனங்களிலும் ஏற்பிக் கருவி இருந்தால் போதும். சட்டமும் இடமளிக்கிறது. நாடாளுமன்றம் 2023 டிசம்பரில் நிறைவேற்றிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பொது ஒலிபரப்பு, பேரிடர் மேலாண்மை இரண்டும் இடம்பெற்றுள்ளன. அவற்றுக்கு ஏலமின்றியே அலைக்கற்றை ஒதுக்கலாம்.

பொழுதுபோக்குக்கான வழக்கு தீரும்வரை உயிர்காக்கும் பணி காத்திருக்க வேண்டுமா என்பதை அரசு முடிவு செய்ய வேண்டும். அடுத்த வெள்ளம் அதற்காகக் காத்திருக்காது.