ஓடுகிற தண்ணீர்

டீ ஆறட்டும். அதற்குள் நாம் ஆற்றுப்பக்கம் ஒரு நடை போய் வரலாம். செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் சங்கராபரணியில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான். ஐப்பசி, கார்த்திகை மழை கண்டதும் தண்ணீர் ஓடும். நாலு நாள் கழித்துத் தெளிந்துவிட்டால் காலடி மணல் தெரியும். அப்போது, "ஓடுற தண்ணி சுத்தம்தானே" என்று ஒரு கை அள்ளி வாயில் ஊற்றத் தோன்றும்.

அங்கேதான் நாம் எல்லாரும் ஏமாறுகிறோம். சோப்பு நுரை நம் கண்முன்னே அடித்துக்கொண்டு போகிறது. ஆறு தன்னைத்தானே கழுவிக்கொள்வதாக நினைக்கிறோம். ஆனால் நம்மைவிட்டுப் போன அழுக்கு கீழூர்க்காரருக்குப் போகிறது, மேலூர் அழுக்கு நம்மிடம் வருகிறது. ஆள் நடக்கிற வேகத்தில் ஆறு ஓடினாலும், மேலூர்க் கரையில் காலையில் கலந்தது மத்தியானத்துக்குள் இங்கே வந்துவிடும். டைபாய்டு, காலரா கிருமிகளோ தண்ணீரில் நாள் கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. ஓட்டம் கிருமியைக் கொல்வதில்லை. சுமந்து வருகிறது, கொஞ்சம் நீர்க்கச் செய்கிறது, அவ்வளவுதான்.

பின்னே எதுதான் கொல்கிறது? வெயிலும் காலமும். கிருமிகளைத் தின்கிற நுண்ணுயிர்களும் தண்ணீரில் உண்டு. கிருமிகளில் கொஞ்சம் வண்டலோடு சேர்ந்து அடியில் படியும். இதெல்லாம் நன்றாக நடக்கத் தண்ணீர் நிற்க வேண்டும். ஆச்சரியம்தான், ஆனால் யாரும் இறங்காத குளத்தில் சில வாரம் நின்ற தண்ணீர், ஓடுகிற ஆற்றைவிடக் கிருமி குறைந்து இருக்கலாம். அதற்காகச் செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் செட்டிக்குளத்தில் அள்ளிக் குடித்துவிட வேண்டாம். தினமும் புது அழுக்கு சேர்ந்தால் நின்றும் பயனில்லை. 1884-இல் ராபர்ட் காக், கல்கத்தாவில் ஜனங்கள் துவைத்துக் குளித்துக் குடித்த ஒரு குளத்திலும் காலரா கிருமியைக் கண்டார்.

ஆற்றுமணலில் ஊற்று தோண்டி, ஊறி வருவதைக் கொட்டாங்கச்சியால் மொண்ட நம் பாட்டிமார்கள் விஷயம் தெரிந்தவர்கள். மணல் கிருமிகளில் பெரும்பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

சரி, ஆற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்கிறீர்களா? ஒரு கிருமியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு போல. ஒரு சொட்டில் ஆயிரம் இருந்தாலும் தண்ணீர் கலங்காது. அதனால் சோதனைக்கூடத்தில் ஒரு தடயம் தேடுகிறார்கள். தெருவில் சாணி கிடந்தால் மாடு போயிருக்கிறது என்று தெரிகிறதல்லவா? அதுபோல, மனிதக் குடலிலும் விலங்குக் குடலிலும் வாழும் ஈ.கோலை தண்ணீரில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். கூடவே நோய்க்கிருமியும் வந்திருக்கலாம். குடிக்கிற தண்ணீரில் 100 மில்லிக்கு ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

முதல் மழை வெள்ளம்தான் எல்லாவற்றிலும் மோசம். கோடை முழுக்கக் கரையில் காய்ந்து கிடந்தது அத்தனையையும் அது ஒரே நாளில் வாரிக்கொண்டு வரும். அந்த வாரம் குழந்தைகளை ஆற்றில் இறக்காதீர்கள்.

டீ ஆறியிருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் இந்தக் கிருமிகள் பிழைக்காது. தம்ளரை அலசிய வாளித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டுக்கொள்வோம்.