இதயத்துக்கும் ஒரு செக்கிங்

நம்ம திருப்பூரில் துணியை வெட்டும் முன் வெளிச்சத்தில் ஓடவிட்டு ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தைத்த பிறகு தெரிந்தால் நஷ்டம்தானே? இதயத்துக்கும் அப்படி ஒரு செக்கிங் உண்டு.

என் அப்பா கட்டிங் மாஸ்டர். வயது 52. பீடி உண்டு. பெரியப்பா மாரடைப்பில் போனவர். "எனக்கென்ன கண்ணு, நல்லாத்தானே இருக்கேன்" என்பார். விடாமல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கால்சியம் ஸ்கோர் சி.டி. ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். ஊசியில்லை, சாயமருந்தில்லை, சில விநாடி மூச்சை அடக்கினால் போதும்.

இதய ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்து நாளானால் சுண்ணாம்புச் சத்து சேரும். ஸ்கேனில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அடர்த்தி 130 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகைத் தொட்ட புள்ளிகளின் பரப்பை, அடர்த்திக்கேற்ப 1 முதல் 4 வரையுள்ள எண்ணால் பெருக்கிக் கூட்டுவார்கள். 1990-இல் அமெரிக்க டாக்டர் அகட்ஸ்டன் குழுவினர் வெளியிட்ட கணக்கு இது. பூஜ்யம் வந்தால் அடுத்த சில ஆண்டுகளுக்கு மாரடைப்பு அபாயம் மிகக் குறைவு. 400-ஐத் தாண்டினால் அதிகம்.

அப்பாவுக்கு 140. அன்றோடு பீடிக்கட்டு போச்சு. கொழுப்புக்கு மாத்திரை வந்தாச்சு.

ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்பு சேராத புதுப்படிவு இதில் தெரியாது. நெஞ்சுவலி வந்தவர் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

இன்னொன்று தெரியுமா? சி.டி. ஸ்கேனை உருவாக்கி 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹவுன்ஸ்ஃபீல்டு, நம்மைப்போல எஞ்சினியரிங் டிப்ளமோ படித்தவர்தான்! அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நீயும் அரியர் வைக்காமப் படி கண்ணு" என்றார்.