கண் கூசுதா? லைட்டை மட்டும் திட்டாதீங்க!

சென்ற மாதம் நாத்தனார் வீட்டு விசேஷம் முடிந்து, இரவு மகளுடன் ஸ்கூட்டரில் திரும்பிக் கொண்டிருந்தேன். எதிரே வந்த லாரியின் வெளிச்சம் முகத்தில் அடிக்க, இரண்டு நொடி ஒன்றுமே தெரியவில்லை. "அம்மா, சைக்கிள்!" என்று மகள் அலற, சடாரென பிரேக் போட்டேன். மயிரிழையில் தப்பிய பெரியவர், "ஏம்மா, கண்ணு தெரியலியா?" என்றார். சுருக்கென்றது.

ஆறு மாதமாகவே இரவில் கண் கூசியது. வீட்டில் சொன்னால் வண்டியைத் தொட விடமாட்டார்களே என்று மறைத்து, எதிரே வருபவர்களையே திட்டிக் கொண்டிருந்தேன்.

மறுநாளே கண் டாக்டரிடம் ஓடினேன். "புரை ஆரம்பிச்சிருக்கும்மா. அது வெளிச்சத்தைச் சிதறடிக்கிறதாலதான் இப்படிக் கூசுது. ஆபரேஷனில் சரியாயிடும், அதுவரை ராத்திரியில் வண்டி வேண்டாம்" என்றார். எனக்கு வயது 52 தான்!

எதிர் வெளிச்சத்தை உற்றுப் பார்க்காமல், வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்ட வேண்டுமாம். ஹெல்மெட் கண்ணாடியில் கீறல், தூசு இருந்தாலும் கூசுமாம். இரவில் கறுப்புக் கண்ணாடி கூடவே கூடாதாம்.

தோழிகளே, கண் கூசினால் என்னைப் போல் மறைக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். எதிரே வண்டி வந்தால், நாமும் மறக்காமல் லைட்டை, 'டிம்' செய்வோமே!

— ஒரு வாசகி, விழுப்புரம்.