இரும்பு சொல்லும் சூடு

ஒரகடம் பக்கம், வடக்குப்பட்டில் ஒரு உதிரிபாகப் பட்டறை. லாரியில் வந்த எஃகுத் தகட்டின் மேல், தரம் பார்ப்பவர் எக்ஸ்ரே துப்பாக்கியை வைத்து அழுத்துகிறார். சில நொடிகளில் திரையில் எண்கள்: குரோமியம் 18, நிக்கல் 8, மீதி பெரும்பாலும் இரும்பு. "304 ரகம்தான் சார், இறக்கிடலாம்" என்கிறார்.

துப்பாக்கியின் கதிர், அணுவின் உள்வட்ட எலக்ட்ரான் ஒன்றைத் தட்டிவிடுகிறது. காலியான அந்த இடத்துக்கு வெளிவட்ட எலக்ட்ரான் ஒன்று இறங்கும்போது, அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலில் எக்ஸ்ரே பிறக்கிறது. இரும்புக்கு அது 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதே இரும்பைப் பல கோடி டிகிரிக்குச் சூடாக்கினால், 26 எலக்ட்ரான்களில் 24 கழன்றுவிடும். மிஞ்சிய இரண்டையும் அணுக்கரு இறுக்கிப் பிடித்துக்கொள்ள, கோடு 6.7க்கு நகரும். எதை வைத்தாலும் ஆவியாகிவிடும் இடத்தில் அந்த நகர்வுதான் வெப்பமானி. இயற்பியலில் இதைவிட அழகான விஷயங்கள் எனக்குக் கொஞ்சம்தான் தெரியும்.

இரும்பை அப்படிச் சூடாக்க மாபெரும் மின்னோட்டம் வேண்டும். கார் உடலை ஒட்டும் ஸ்பாட் வெல்டிங்கில் ஓடுவது சுமார் 10,000 ஆம்பியர். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்திலுள்ள 'இசட்' இயந்திரத்தில் 2.6 கோடி ஆம்பியர், நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் பாய்கிறது. முடியைவிட மெல்லிய நூற்றுக்கணக்கான டங்ஸ்டன் கம்பிகள் ஆவியாகி, மின்னோட்டத்தின் காந்தப்புலத்தாலேயே நெரிபட்டு, நடுவில் மோதி, எக்ஸ்ரேயைக் கொட்டுகின்றன.

இரும்பு கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்க, அந்த வெளிச்சத்தில் அந்த ஆய்வகத்தின் ஜிம் பெய்லி குழுவினர் இரும்புப் படலம் ஒன்றை வைத்தார்கள். வெப்பம் சுமார் 20 லட்சம் டிகிரி. சூரியனுக்குள் வெப்பச்சலனக் கொதிப்பு தொடங்கும் ஆழத்தின் நிலை அது. கூடவே மக்னீசியமும் கலந்திருந்தது. அதன் கோடுகளில் எது வலுத்திருக்கிறது என்பது வெப்பத்தையும், கோடுகளின் அகலம் அடர்த்தியையும் காட்டிக்கொடுக்கும். வெப்பம் ஏறினால் எத்தனை எலக்ட்ரான் கழலும் என்ற கணக்கை 1920இலேயே இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹா எழுதிவைத்துவிட்டார்.

2015இல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. இரும்பு, கணித்ததைவிட 30 முதல் 400 சதவீதம் வரை அதிகமாகக் கதிரைத் தடுத்திருந்தது. சூரியனின் அதிர்வுகள் சொல்வதும் கோட்பாடு சொல்வதும் நெடுநாளாகப் பொருந்தவில்லை. அதைச் சரிக்கட்டத் தேவையான கூடுதல் தடையில் ஏறக்குறைய பாதி இதிலேயே கிடைத்துவிட்டது.

பிறகு, வடக்குப்பட்டுத் திரையில் பார்த்த குரோமியத்தையும் நிக்கலையும் அதே சூட்டில் சோதித்தார்கள். 2019இல் வெளியான அந்த முடிவில் இரண்டும் கணக்கோடு இரும்பைவிட நன்றாக ஒத்துப்போயின. குறுகிய அலைநீளங்களில் தெரிந்த கூடுதல் தடை மட்டும் இரும்புக்கே உரியதாக நின்றது.