'கேப்டன் கூல்' ஆக இருப்பது என்றால் கோபத்தை விழுங்குவதா?

லீடர்ஷிப் ட்ரெய்னிங் எதற்குப் போனாலும் ஒரு ஸ்லைடில் தோனி படம் வந்துவிடும். கீழே 'கேப்டன் கூல்' என்று போட்டிருப்பார்கள். அந்த ஸ்லைடில் வராத ஓர் இரவு உண்டு. 2019 ஏப்ரல் 11, ஜெய்ப்பூர்.

ராஜஸ்தானுக்கு எதிராகச் சென்னையின் கடைசி ஓவர். ஸ்டோக்ஸ் பந்தில் அவுட்டாகி தோனி வெளியே போய்விட்டார். அடுத்த பந்துக்கு ஓர் அம்பயர் நோ-பால் காட்ட, இன்னொருவர் இல்லை என்றார். எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்த தோனி விறுவிறுவென்று மைதானத்துக்குள் இறங்கி அம்பயர்களிடம் வாதாடினார். கடைசிப் பந்து சிக்ஸரில் சென்னை ஜெயித்தது. தோனிக்கு மேட்ச் ஃபீஸில் 50 சதவீதம் அபராதம்.

எல்லோரையும் போல தனக்கும் எரிச்சல், ஏமாற்றம் எல்லாம் வரும், கொஞ்சம் கூடுதலாகக் கட்டுப்படுத்துகிறேன், அவ்வளவுதான் என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். சரி, அந்தக் 'கட்டுப்படுத்துவது' எப்படி?

நம்மில் பலர் செய்வது அடக்குவதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் எதுவும் தெரியாமல் மீட்டிங்கை முடிப்பது. உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், அருவருப்பூட்டும் மருத்துவக் காட்சிகளைப் பார்த்தவர்களில் சிலரிடம், 'எதையும் வெளியே காட்டாதீங்க' என்றார்கள். அவர்களும் காட்டவில்லை. ஆனால் உள்ளே அருவருப்பு குறையவில்லை. உடலின் பதற்றக் குறிகள் சில கூடத்தான் செய்தன.

இதைவிட முக்கியமானது 2003-ல் வந்த இன்னோர் ஆய்வு. முன்பின் தெரியாத இரண்டு பெண்களை ஒரு சோகமான படம் பார்க்க வைத்து, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவர் மட்டும் உணர்ச்சியை மறைக்க வேண்டும். எதிரே இருந்தவருக்கு அது தெரியாது. ஆனாலும் அவருடைய ரத்த அழுத்தம் ஏறியது. மேனேஜர் கல் மாதிரி உட்கார்ந்திருந்தால் டீம் நிம்மதியாக இருக்கும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. 'சார் ஒண்ணும் சொல்லலையே... என்னவா இருக்கும்?' என்று தவிப்பது கத்தலைவிடக் கொடுமை, இல்லையா?

கிராஸ் சொல்லும் மாற்றுவழி, கோபம் முழுசாகக் கிளம்பும் முன்பே விஷயத்தைப் பார்க்கும் கோணத்தை மாற்றுவது. ஒரு ஜூனியர் மூன்றாவது முறையாக ஃபைலைத் தாமதமாக அனுப்புகிறார். 'என்னை மதிக்கவே மாட்டேங்கிறான்' என்பது ஒரு முடிவு. 'இவன் கையில இப்ப எத்தனை வேலை இருக்கு?' என்பது ஒரு கேள்வி. இது பெருந்தன்மை இல்லை. கேள்விக்குப் பதில் தேட முடியும், முடிவை வைத்துக்கொண்டு கத்த மட்டும்தான் முடியும். அவர் நிஜமாகவே அலட்சியமானவர் என்று தெரிந்தாலும், அதைச் சொல்ல உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

பாஸுக்குக் கோபம் வந்தால் என்ன, வேலை நடந்தால் போதாதா? போதாது. 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நல்ல டீம்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கணக்கில் வந்ததோ தலைகீழ். நல்ல டீம்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன! பிறகுதான் காரணம் பிடிபட்டது. அங்கே தவறைத் தைரியமாகச் சொல்ல முடிந்தது. தலைமை நர்ஸுக்குப் பயந்த வார்டுகளில் மறைத்தார்கள். மறைத்த தவறு நோயாளியின் உடம்பில் போய் நிற்கும். நம் ஆபீஸில் அது கிளையன்ட் கண்டுபிடிக்கும்வரை எக்செல் ஷீட்டில் உட்கார்ந்திருக்கும்.

கோணத்தை மாற்றக்கூட நேரமில்லாமல் கோபம் வந்துவிட்டால்? ஆபிரகாம் லிங்கன் செய்ததைச் செய்யலாம். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போரில் ஜெயித்தும், எதிரிப் படையைத் தப்பவிட்ட தளபதி மீட் மீது அவருக்குக் கடும் ஆத்திரம். காட்டமாக ஒரு கடிதம் எழுதினார். அனுப்பவில்லை, கையெழுத்தும் போடவில்லை. இன்றைக்கு நமக்கு வாட்ஸ்அப் இருப்பதுதான் சிக்கல். எழுதுவதும் அனுப்புவதும் ஒரே விரல் அசைவு. அதனால் கோபத்தில் எழுதுவதை நோட்ஸ் ஆப்பில் எழுதுங்கள். டீமிடம், 'இதுல எனக்கு எரிச்சலா இருக்கு. மதியம் மூணு மணிக்குப் பேசலாம்' என்று மட்டும் சொல்லுங்கள். இதில் மறைப்பும் இல்லை, வெடிப்பும் இல்லை. ஆனால் மூணு மணிக்குப் பேசியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் மிரட்டல்தான்.

ராத்திரி ஒரு மணிவரை கால், காலை ஒன்பதுக்கு ரிவ்யூ என்று ஓடுகிற டீம் லீடரிடம் 'மூச்சை இழுத்து விடுங்க' என்பது கொஞ்சம் அநியாயம். தூங்காத மூளைக்குப் பொறுமை குறைவு. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது டெட்லைன் வைப்பவர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் கத்திவிடுவீர்கள். பத்துப் பேர் முன்னால் கத்திவிட்டு, கேபினுக்குள் தனியாகக் கூப்பிட்டு 'ஸாரிப்பா, டென்ஷன்ல...' என்பது பாதி மன்னிப்பு. மீதி ஒன்பது பேர் பார்த்தது கத்தலை மட்டும்தான். எங்கே கத்தினீர்களோ, அதே மீட்டிங்கில் சொல்லுங்கள்.