கோணம் தப்பாத குவார்ட்ஸ்

கார் சாவியில் உள்ள பொத்தானை அழுத்துகிறோம், கதவு திறந்துகொள்கிறது. அந்தச் சாவிக்குள் இருக்கும் சின்ன ரேடியோ, ஐரோப்பா உள்ளிட்ட பல இடங்களில், 433.92 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. இத்தகைய கருவிகளுக்கென ஐரோப்பாவில் ஒதுக்கியிருப்பது 433.05 முதல் 434.79 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டைதான். சாவி பனியில் கிடந்தாலும் சரி, உச்சி வெயிலில் காருக்குள் வெந்தாலும் சரி, அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. அதையும் ஒரு பட்டன் பேட்டரியின் சொற்ப மின்சாரத்தில் சாதிக்க வேண்டும்.

பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவந்தது சில மில்லிமீட்டர் நீளமே உள்ள குவார்ட்ஸ் துண்டு ஒன்று. மேற்பரப்பு ஒலி அலை ரெசனேட்டர் என்று அதற்குப் பெயர். அதை வடிவமைப்பவர்கள் ஒரே நேரத்தில் இரண்டைக் கேட்கிறார்கள்: ஆற்றல் வீணாகக் கூடாது, வெப்பநிலை மாறினாலும் அதிர்வெண் அசையக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்பவை என்பதுதான் சிக்கல்.

தோலில் ஓடும் அலை

குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அது உருமாறும் என்பதும் அடுத்த ஆண்டே உறுதியானது. 1885இல் ராலே பிரபு, திடப்பொருளின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் ஓர் அலையைக் கணக்குப் போட்டுக் காட்டினார். நிலநடுக்கங்களில் இந்த அலைக்குப் பெரிய பங்கு இருக்கலாம் என்றும் எழுதினார்; அது பின்னர் மெய்யானது. இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒன்றுசேர எண்பது ஆண்டுகள் ஆயின. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் வைட்டும் வோல்ட்மரும் 1965இல் குவார்ட்ஸின் மேல் மெல்லிய உலோகப் பட்டைகளைப் பதித்து, மின்சாரத்தால் நேரடியாக ராலே அலையை எழுப்பினார்கள்.

கைக்கடிகாரத்திலும் குவார்ட்ஸ்தானே இருக்கிறது, அதையே பயன்படுத்தக் கூடாதா என்று கேட்கலாம். கடிகாரப் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ரேடியோ கருவிகளுக்குப் பெல் ஆய்வுக்கூடத்தில் 1934இல் உருவான 'ஏ.டி.' வெட்டுத் தகடுகள் உண்டு. அவற்றில் தகடு எவ்வளவு மெல்லியதோ, அதிர்வெண் அவ்வளவு உயரும். ஆனால் 434 மெகாஹெர்ட்ஸை அதன் அடிப்படை அதிர்விலேயே எட்ட வேண்டுமானால், தகட்டின் தடிமன் நான்கு மைக்ரோமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். கை பட்டால் நொறுங்கிவிடும்.

மேற்பரப்பு அலைக்கு இந்தத் தொல்லை இல்லை. குவார்ட்ஸில் அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 3,158 மீட்டர். காற்றில் 69 சென்டிமீட்டர் நீளமுள்ள அதே அதிர்வெண்ணின் ரேடியோ அலை, இங்கே 7.3 மைக்ரோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. பற்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு சீப்புகளைப் போல அலுமினிய மின்முனைகளைப் பதிக்கிறார்கள். ஒவ்வொரு பல்லும் சுமார் 1.8 மைக்ரோமீட்டர் அகலம். சிப் செய்யும் அதே ஒளிப்பதிவு முறைக்கு இது எளிய வேலை. அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது பற்களின் இடைவெளி என்பதால், கல் தடிமனாகவே இருந்துவிட்டுப் போகலாம்.

ஒழுகாமல் அடைத்தல்

எழுந்த அலை ஓடிப்போய்விட்டால் ரெசனேட்டர் இல்லை. அதைத் திருப்பி அனுப்ப, சீப்பின் இருபுறமும் அரை அலைநீள இடைவெளியில் அலுமினியப் பட்டைகளை வரிசையாக வைக்கிறார்கள்; இந்த வரிசைதான் எதிரொலிப்பான். ஒரு பட்டை திருப்பி அனுப்புவது அலையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் நூற்றுக்கணக்கான பட்டைகளின் எதிரொலிகள் ஒரே கட்டத்தில் வந்து கூடும்போது, அலை கிட்டத்தட்ட முழுவதுமே திரும்புகிறது.

இப்படி அடைபட்ட ஆற்றல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொல்லும் அளவுகோலுக்குத் தரக்காரணி என்று பெயர். 434 மெகாஹெர்ட்ஸில் குவார்ட்ஸ் என்ற பொருளே அனுமதிக்கும் உச்சவரம்பு சுமார் 24,000. நல்ல வடிவமைப்பு 10,000ஐத் தாண்டும். இடைப்பட்ட இழப்பு எங்கே போகிறது என்று தேடுவதுதான் பொறியாளரின் அன்றாட வேலை. பட்டை மெல்லியதாக இருந்தால் மின்தடை கூடிச் சூடாக வீணாகிறது. பட்டைகளின் வரிசை திடீரென மாறும் இடத்தில் அலையின் ஒரு பகுதி கல்லின் உட்புறம் பாய்ந்து மறைகிறது. அதனால்தான் சீப்பிலும் எதிரொலிப்பானிலும் இடைவெளி ஒரே சீராகத் தொடரும்படி அமைக்கிறார்கள். சுற்றியுள்ள காற்றும் அலையைக் குடிக்கும்; ஆகவே உறையைக் காற்றுப் புகாமல் மூடுகிறார்கள்.

எதிரெதிர் குணங்கள்

மின்சாரத்தை அலையாக மாற்றும் திறமையில் குவார்ட்ஸ் மிகவும் மந்தம். லித்தியம் நியோபேட் என்ற படிகத்தில் இந்த இணைப்புத் திறன் சுமார் 5.5 சதவீதம், குவார்ட்ஸில் 0.1 சதவீதத்தை ஒட்டித்தான். அப்படியிருக்க ஏன் குவார்ட்ஸ்?

லித்தியம் நியோபேட்டில் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் அதிர்வெண் பத்து லட்சத்தில் 75 பங்கு விலகும். 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போனால் மொத்த விலகல் 1.6 மெகாஹெர்ட்ஸ். நம் கார் சாவி பட்டையைவிட்டே வெளியேறிவிடும். தகுந்த கோணத்தில் வெட்டிய குவார்ட்ஸில் அதே வெயிலுக்கு விலகல் 35 கிலோஹெர்ட்ஸ்தான்.

காரணம் கல்லின் உள்ளே இருக்கிறது. சூடேறினால் பொதுவாகத் திடப்பொருள்கள் இளகும். குவார்ட்ஸிலோ சில திசைகளின் விறைப்பு குறையும்போது, வேறொரு வகை விறைப்பு கூடுகிறது. வெட்டும் கோணத்தை மாற்றினால் இரண்டின் கலவை மாறும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. மேற்பரப்பு அலைக்கு அந்தக் கோணம் 42.75 டிகிரி, 'எஸ்.டி.' வெட்டு என்கிறார்கள். வெப்பநிலைக்கு எதிராக அதிர்வெண்ணை வரைந்தால் கவிழ்ந்த பரவளையம் கிடைக்கும். அதன் உச்சி அறை வெப்பநிலையில் அமர்கிறது. உச்சியில் சரிவு கிடையாது. அங்கிருந்து விலகும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே அதிர்வெண் குறைகிறது.

இழுபறி

மோதல் இங்கேதான் தொடங்குகிறது. ஆற்றலை நன்றாக அடைக்க அலுமினியத்தைத் தடிமனாக்கலாம். மின்தடை குறையும், எதிரொலிப்பும் கூடும். ஆனால் அலுமினியத்துக்குக் குவார்ட்ஸின் சமநிலை தெரியாது. அதன் விறைப்பு வெப்பநிலையோடு தன் போக்கில் மாறுகிறது. தடிமன் கூடக் கூட, பரவளையத்தின் உச்சி அறை வெப்பநிலையிலிருந்து நகர்ந்துவிடுகிறது. 42.75 என்பது வெறுங்கல்லுக்கான கோணம். உலோகம் ஏறிய கல்லுக்குக் கணக்கை மறுபடி போட வேண்டும். அலுமினியத்தின் தடிமனுக்கு ஏற்பச் சில டிகிரி மாற்றி வெட்டுவது அதனால்தான். அப்படியும் தடிமன் ஆலையில் துளி பிசகினால், அதிர்வெண்ணும் உச்சியும் சேர்ந்தே பிசகும்.

இதற்கு ஒரு கெட்டிக்காரத்தனமான தீர்வு, பட்டைகளுக்கு இடையே குவார்ட்ஸையே செதுக்கிப் பள்ளமாக்குவது. அலைக்கு ஏற்ற இறக்கம் கிடைக்கிறது, எதிரொலிப்பு கூடுகிறது. ஆனால் மேலே உலோகச் சுமை கூடுவதில்லை. ஆலையில் அதிர்வெண்ணைக் கடைசியாகத் துல்லியப்படுத்தவும் இதே உத்தி பயன்படுகிறது: பிளாஸ்மாவால் பள்ளத்தைச் சற்று ஆழமாக்கினால் அதிர்வெண் இறங்கும். ஜப்பானின் சீக்கோ எப்சன் இன்னும் ஒரு படி போய், அலை ஓடும் திசையையும் மேற்பரப்பின் தளத்துக்குள்ளேயே திருப்பி, பள்ளங்களோடு சேர்த்துப் பரவளையத்தைத் தட்டையாக்கும் வடிவங்களுக்குக் காப்புரிமை பெற்றிருக்கிறது. அங்கே பள்ளத்தின் ஆழமே எதிரொலிப்பு, வெப்பநிலை நிலைத்தன்மை என்ற இரண்டையும் ஒருசேரச் சீராக்குகிறது.

இன்று பல ரிமோட்டுகளில் மலிவான படிகமும் அதிர்வெண்ணைப் பெருக்கும் சிப்பும் இந்த இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனால் பெருக்கும்போது இரைச்சலும் சேர்ந்து பெருகும். உயர் அதிர்வெண்ணை இரைச்சலின்றி நேரடியாகப் பெற வேண்டிய கருவிகளிலும், பேட்டரியே இல்லாமல் ரேடியோ வழியே அளவெடுக்கும் உணரிகளிலும் குவார்ட்ஸ் மேற்பரப்பு அலைக்கு இன்னும் வேலை இருக்கிறது. அங்கே முதலில் கல்லை வெட்டிவிட்டு, பிறகு உலோகத்தைப் பற்றி யோசிக்கலாம் என்ற முறை எடுபடாது. கோணம், தடிமன், பள்ளம் மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துத் தீர்ப்பவரே நல்ல ரெசனேட்டரைச் செய்கிறார்.